சிறு விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பாதுகாப்பாகப் படமெடுக்க: வேலூரில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் கல்யாணப் படமெடுப்பது என் தொழில். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் சிறு விமானங்களைத் தேடிப் போவேன். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் பயிற்சி விமானங்கள்தான் எனக்குப் பிடித்தவை. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். படம் நன்றாக வரும் வழி, ஆபத்து வராத வழி என்று தனித்தனியாகப் பிரிக்கவில்லை. விமானம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரிந்து நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

வேலூர்ப் பக்கத்தில் சிறு விமானங்களை எங்கே பார்க்கலாம்?

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய அப்துல்லாபுரம் விமான நிலையம். பயிற்சி விமானங்கள் அங்கே வந்து பறந்த காலம் உண்டு. பின்னர் சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 19 இருக்கைகள் கொண்ட சிறு விமானங்களுக்காக அதைச் சீரமைக்கும் வேலை நடந்தது. சுற்றிலும் பாறை உருண்டைகள் அடுக்கி வைத்தது போன்ற நம் ஊர் மொட்டை மலைகள். படத்துக்கு இதைவிட நல்ல பின்புலம் வேண்டியதில்லை. விமானம் பறக்காத நாளில் ஆளில்லை என்று வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் அது விமான நிலையம்தான்.

விசிறி (புரொப்பல்லர்) சுழலும் விமானங்களை வழக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பதிக்கு அருகிலுள்ள ரேணிகுண்டா, சேலம் ஆகிய நிலையங்களுக்கு ஏ.டி.ஆர். 72 என்ற பயணிகள் விமானங்கள் வந்து போகின்றன. பயிற்சி விமானங்களுக்குப் பெங்களூரின் ஜக்கூர் விமானத்தளம் நல்ல இடம். ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் பெங்களூரின் எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கிப் போனால், யாருடைய சந்தேகப் பார்வையும் இல்லாமல் நாள் முழுவதும் எடுக்கலாம்.

அரக்கோணத்தில் பெரிய பெரிய விமானங்கள் தாழப் பறக்கின்றனவே, அங்கே எடுக்கலாமா?

கூடாது. அது ஐ.என்.எஸ். ராஜாளி, இந்தியக் கடற்படையின் விமான தளம். 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டது. கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் பறக்கின்றன. பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது பழகிய சத்தம். வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ராணுவத் தளத்தைப் படமெடுப்பது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம். வேலிக்கு வெளியே சாலையில்தானே நின்றேன் என்பது பதிலாகாது. அந்தப் பக்கம் போகும்போது என் கேமரா பையிலேயே இருக்கும்.

பயணிகள் விமான நிலையத்தில் எடுக்க அனுமதி வேண்டுமா?

அரசு விமான நிலையத்துக்குள்ளும் பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆம் விதி சொல்கிறது. பயணிகளுக்குச் சில தளர்வுகள் உண்டு. வெளியே, பொதுச் சாலையில் நிற்கும்போதும் பாதுகாப்புப் பணியில் இருப்பவர் வந்து கேட்டால் பதில் சொல்லுங்கள். “வணக்கம் சார், வேலூரிலிருந்து வருகிறேன், விமானப் படம் எடுப்பது என் ஆசை, இதோ பாருங்கள்” என்று எடுத்த படங்களைக் காட்டினால் பெரும்பாலும் முகம் இளகிவிடும். போகச் சொன்னால் போய்விடுங்கள். வாக்குவாதம் செய்தால், அடுத்து அங்கே வரும் சின்னப் பையனுக்கும் சேர்த்து வழி அடைபட்டுவிடும்.

பயிற்சிப் பள்ளிகளில் முறையாக எழுதிக் கேட்டால் உள்ளேயே அனுமதி கிடைப்பதுண்டு. எனக்குக் கிடைத்திருக்கிறது. தேதி, நேரம், எத்தனை பேர், படம் எதற்கு என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும்.

எங்கே நிற்பது நல்லது?

இதற்கு நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் படம் நிற்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

முதலில் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஓடுபாதையின் ஓரத்தில் கம்பத்தில் கட்டிய ஆரஞ்சு நிறத் துணிக்குழாயைப் பாருங்கள். அதன் அகன்ற வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்று நமக்கு மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது விமானங்கள் கிழக்குப் பக்கமிருந்து இறங்கி வரும், மேற்கு நோக்கி ஏறிப் போகும். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் எல்லாம் தலைகீழ். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், ஓடுபாதையின் ஒரு முனையில் நாள் முழுவதும் காத்திருந்து விமானத்தின் வாலை மட்டும் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

அடுத்து சூரியன். அது முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக அமைந்த ஓடுபாதையென்றால் மார்கழியில் தெற்குப் பக்கம் நிற்க வேண்டும், ஏனென்றால் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். ஆடியில் இது மாறிவிடும். வேலூரில் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது. அதனால் ஆடிக் காலையில் வடக்குப் பக்கம்தான் நல்ல வெளிச்சம். வீட்டு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று இரண்டு நாள் கவனித்தாலே இது புரிந்துவிடும்.

கடைசியாக, ஓடுபாதையின் நேர்க்கோட்டில் நிற்கவே கூடாது. இறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் வருகிறது. சக்கரம் தொடும் இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில் அது 52 மீட்டர் உயரத்தில் இருக்கும். 300 மீட்டர் தொலைவில் வெறும் 16 மீட்டர்தான், ஒரு தென்னை மரத்தின் உயரம். பயிற்சி மாணவர் அதைவிடத் தாழவும் வரலாம். அதன் அடியில் நின்று மேலே பார்த்து எடுக்கும் படம் விறுவிறுப்பாக இருக்கும் என்று சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அந்தப் படங்களில் தெரிவது சக்கரமும் வயிறும்தான். பக்கவாட்டில், வேலிக்கு வெளியே, தள்ளி நில்லுங்கள். விமானி முகம் தெரியும், இறக்கை தெரியும், மலை தெரியும்.

கத்திரி வெயிலில் போகலாமா?

போகாதீர்கள். எனக்குக் காரணங்கள் மூன்று.

கான்கிரீட்டிலிருந்து எழும் கானல். ஒன்பது மணிக்கு மேல் ஓடுபாதைக்குக் குறுக்கே நீண்ட லென்ஸ் வைத்துப் பாருங்கள், விமானம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. காலை ஆறு முதல் எட்டு வரை காற்று அடங்கியிருக்கும், வெளிச்சமும் மஞ்சளாக இருக்கும். மாலையில் தரை ஆற நேரம் பிடிக்கும்.

இரண்டாவதை ஒரு பயிற்சி ஆசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தாங்கும் வலு குறையும், எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் குறையும், விசிறி இழுக்கும் இழுப்பும் குறையும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கணக்குப் போட்டால், விமானத்துக்கு அது ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்துக் காற்றாகத் தெரியும். அதாவது தரையில் நிற்கும்போதே அது ஏலகிரி மலைக்கு மேல் இருக்கும் காற்றில்தான் பறக்க முயல்கிறது. அதனால் அதிக தூரம் ஓடும், மெதுவாக ஏறும். காலையில் உங்கள் தலைக்கு மேல் வெகு உயரத்தில் போன அதே விமானம் மதியம் மிகத் தாழப் போகும். காலையில் பார்த்த உயரத்தை நம்பி மதியம் ஓடுபாதை முனைக்கு அருகில் போய் நிற்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

மூன்றாவது உங்கள் உடம்பு. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலும் நெரிசலும் சேர்ந்த நாள் அது. அக்டோபரிலேயே அப்படியென்றால் மே மாதத்து வேலூரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கழுத்தையும் மறைக்கும் துண்டு, உப்புப் போட்ட மோர் இவற்றோடு போங்கள். தலை கனத்தால் உடனே நிழலுக்குப் போய்விடுங்கள். விமானம் நாளையும் வரும்.

என் படத்தில் விசிறி அசையாமல் நிற்பது போல விழுகிறது. ஏன்?

கேமராவுக்குள் வெளிச்சத்தை விட்டு மூடும் ஷட்டரை அளவுக்கு மீறி வேகமாக வைத்திருக்கிறீர்கள். முதன்முதலாக எடுப்பவர்கள் எல்லோரும், நானும்தான், ஓடுகிற பொருள் என்பதால் 1/2000 நொடி வைத்து எடுப்போம். படம் கூர்மையாக வரும். ஆனால் விசிறி கட்டையாக நின்றுவிடும். வானத்தில் எஞ்சின் அணைந்து தொங்கும் விமானம் போல இருக்கும். விமானம் ஓட்டுபவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் வயிற்றைப் பிசையும்.

செஸ்னா 172 என்ற பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது அதன் விசிறி நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது என்றால் நொடிக்கு 40 சுற்று. 1/1000 நொடியில் விசிறி 14 டிகிரிதான் நகரும், அதனால் அசையாதது போலத் தெரியும். 1/250இல் 58 டிகிரி. இதழ் விசிறியது போல அழகாக மங்கும். 1/125இல் 115 டிகிரி. அந்த விசிறிக்கு இரண்டே இறக்கைகள் என்பதால் அரைச் சுற்று சுற்றினால் வட்டம் நிறையும். அதற்கு 1/80 வேண்டும். முழு வட்டமாக, கண்ணாடித் தட்டு போல விசிறி மின்னும் படம் ஒன்று என் கடைச் சுவரில் இருக்கிறது. அதற்காக மூன்று ஆடி மாதங்கள் போயின.

ஏ.டி.ஆர். 72 விமானத்தில் இது சுலபம். அதன் விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்றுதான், ஆனால் ஆறு இறக்கைகள். ஆறில் ஒரு பங்கு சுற்றினாலே வட்டம் நிறையும், 1/125இலேயே கிடைத்துவிடும்.

ஷட்டர் மெதுவானால் விமானமும் மங்கும். அதற்குக் கேமராவை விமானத்தோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். காலை அகட்டி, விமானம் தரையை விட்டு எழும் இடத்தைப் பார்த்துப் பாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலே உடம்பை மட்டும் விமானம் வரும் பக்கம் திருப்புங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். விமானம் வரவர உடம்பின் முறுக்கு தானாகப் பிரிந்து நேராகும், அந்த ஓட்டத்தில் அழுத்துங்கள், அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறவர்களின் கை போல, தடைபடாத ஒரே சுற்று. செஸ்னா எழும் வேகம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம். ஆகவே விமானம் கிடைக்காத நாளில் நெடுஞ்சாலையை விட்டு நன்றாகத் தள்ளி ஒரு மேட்டில் நின்று கார்களை வைத்துப் பழகலாம். 1/250இல் தொடங்குங்கள், பத்துக்கு ஐந்து தேறினால் 1/160, பிறகு 1/125.

ஒரு எச்சரிக்கை. திருப்பும்போது உங்கள் இன்னொரு கண்ணையும் திறந்து வையுங்கள். கேமராவுக்குள் மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பியவர்கள் பின்னாலிருந்த வாய்க்காலில் விழுந்ததையும், சாலையில் கால் வைத்ததையும் நேரில் பார்த்திருக்கிறேன். நடக்கும்போது கேமரா கண்ணில் இருக்கக் கூடாது.

கைப்பேசியில் எடுத்தால் விசிறி வாழைப்பழம் போல வளைந்து வருகிறதே?

கைப்பேசி படத்தை மொத்தமாக எடுப்பதில்லை, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை வரிவரியாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் விசிறி வேறிடம் போய்விடுகிறது. உங்கள் மேல் தவறில்லை. கேமராவிலும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால் இதே கோளாறு வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். கைப்பேசிக்காரர்கள் விமானம் தூரத்தில், மலைக்கு முன் சின்னதாகத் தெரியும்படி அகலமாக எடுத்துப் பாருங்கள். அதில் கைப்பேசி நன்றாகவே செய்கிறது.

இறங்கும்போது எந்த நொடியில் அழுத்துவது?

நிழலைப் பாருங்கள். விமானம் தரைக்கு அருகில் வரும்போது அதன் நிழல் ஓடுபாதையில் தனியாக ஓடி வரும். இரண்டும் நெருங்கிக்கொண்டே வந்து, சக்கரமும் நிழலும் தொட்டுக்கொள்ளும் நொடியில்தான் தரை தொடுகிறது. எழும்போது நிழல் சக்கரத்தை விட்டுப் பிரியும். அந்த மயிரிழை இடைவெளி தெரியும் படம், வானத்தில் உயரப் பறக்கும் நூறு படங்களுக்குச் சமம் என்பது என் கருத்து. இறங்கும் விமானத்துக்கு மூக்கு சற்றுத் தூக்கியிருக்கும், பின் சக்கரங்கள் இரண்டும் முதலில் தொடும்; அதுவரை விரலை அடக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா விமானமும் இறங்கியே தீரும் என்று நினைத்து இடம் மாறாதீர்கள். சரியில்லை என்று விமானி நினைத்தால் கடைசி நொடியிலும் எஞ்சினை முழுவதும் கொடுத்து மீண்டும் ஏறிவிடுவார். பயிற்சியில் தொட்டவுடனே திரும்ப ஏறுவதும் வழக்கம். ஒரு சுற்று முடித்து ஐந்தாறு நிமிடத்தில் அதே இடத்துக்கு வரும். நமக்கு இது கோயில் தேர் மாதிரி, நின்ற இடத்திலேயே மறுபடி தரிசனம்.

நிறுத்தி வைத்த விமானத்தின் அருகே போய் எடுக்கலாமா?

உள்ளே அழைத்துப் போகிறவர் கூட இருந்தால் மட்டும்.

ஒரு பயிற்சி மைதானத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எஞ்சின் அணைந்து நின்ற விமானம். விசிறியின் நடுக்குமிழில் காலை வானம் வளைந்து தெரிந்தது. விசிறியின் ஒரு இறக்கை குறுக்கே நின்று அதை மறைத்ததால், கையால் அதைப் பிடித்து லேசாகத் திருப்பினேன். “தம்பி, கையை எடு!” என்று கத்திக்கொண்டே ஒரு மெக்கானிக் ஓடி வந்தார். அறுபது வயது இருக்கும். என் தோளைப் பிடித்து நான்கு அடி பின்னால் இழுத்து நிறுத்திய பிறகுதான் பேசினார். இந்த எஞ்சின்களில் தீப்பொறி கொடுக்கும் மேக்னட்டோ பேட்டரியை நம்பி இருப்பதில்லை, விசிறி சுழன்றாலே பொறி பிறக்கும். சாவியை அணைத்தாலும் ஒரு கம்பி அறுந்திருந்தால் போதும், உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் பற்றி விசிறி ஒரு உதை உதைக்கும். கை போய்விடும், தலை இருந்தால் தலையும். “அது எப்போதும் ஓடுகிறது என்றே நினைத்துக்கொள்” என்றார். அன்று என் கை நடுங்கியதில் ஒரு படமும் தேறவில்லை.

அதனால் விசிறியின் முன்னாலும் அது சுழலும் தளத்துக்கு நேர் பக்கத்திலும் நிற்காதீர்கள். ஓடும் விசிறி கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் கொடுமை. செஸ்னாவை இறக்கைக்குப் பின்னாலிருந்து நெருங்க வேண்டும். ஹெலிகாப்டரை ஒருபோதும் வால் பக்கமிருந்து நெருங்கக் கூடாது. முன்னால், விமானி உங்களைப் பார்த்துத் தலையசைத்த பிறகு மட்டுமே. தொப்பி, லென்ஸ் மூடி, துப்பட்டா, பிளாஸ்டிக் உறை எதுவும் பறக்கும்படி இருக்கக் கூடாது. ஓடுதளத்தில் விழும் ஒரு சின்ன மூடியும் விசிறியைச் சேதப்படுத்தலாம்.

மாலை மங்கிய பிறகு ஃபிளாஷ் போடலாமா?

வேண்டாம். இறங்கும் விமானிக்கு ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துப் பழகிய கண். ஒரு வெட்டு வெளிச்சத்தில் கண் கூசித் தடுமாறலாம். உங்கள் ஃபிளாஷ் அவ்வளவு தூரம் எட்டாது என்பதால் படத்துக்கும் பயனில்லை. ஃபோகஸுக்காகக் கேமரா தானாக விடும் சிவப்பு வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். திருவிழாவில் விற்கும் லேசர் விளக்கைக் குழந்தைகள் விமானத்தை நோக்கிக் காட்டினால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

குடும்பத்தோடு போகலாமா? சாப்பாடு கொண்டுபோகலாமா?

போகலாம். குழந்தையின் கையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அவர் படமெடுப்பவராக இருக்கக் கூடாது. சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு எலும்பை வேலியோரம் போட்டுவிட்டு வருகிறார்கள். அரை மணியில் பருந்து வரும், காக்கை வரும், நாய் வரும். சிறு விமானத்தின் கண்ணாடியில் ஒரு பருந்து மோதினால் கண்ணாடி உடைந்து விமானியின் முகம் கிழியலாம். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பை கொட்டுவதை விமான விதிகளே தடை செய்கின்றன. இலையையும் எலும்பையும் கட்டி வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

ட்ரோனில் எடுத்தால் மேலிருந்து அழகாக இருக்குமே?

பறக்கும் விமானத்தின் அருகே ட்ரோனை விடாதீர்கள், எந்த நிலையிலும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்க்கலாம்.

படமெடுக்கும்போது ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால்?

நீண்ட லென்ஸில் தரையிலிருப்பவர்களுக்குத் தெரியாதது தெரியும். கதவு சரியாக மூடாதது, ஒழுகும் எண்ணெய், ஓடுபாதையில் புகுந்த ஆடு. வாசல் காவலரிடம் உடனே சொல்லுங்கள், படத்தையும் காட்டுங்கள். விபத்து நேர்ந்தால் 112ஐ அழையுங்கள். ஓடுபாதைக்குள் ஓடாதீர்கள், தீயணைப்பு வண்டிக்கு வழி வேண்டும். காயம்பட்டவர்களைப் படமெடுத்துப் பரப்பாதீர்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது?

தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், ஷட்டர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆடியில் அதைத் திறந்தால் போதும், எங்கே நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

பயிற்சி மாணவர் முதன்முறையாக ஆசிரியர் இல்லாமல் தனியே பறக்கும் நாள் ஒன்று உண்டு. ஆசிரியர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, புல்லில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். வெயில் முகத்தில் அடித்தாலும் கண்ணை எடுக்க மாட்டார். அந்த விமானம் இறங்கும் வரை மூச்சு விடாமல் நிற்கிற அவரையும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாணவரின் அம்மா கையில் கொடுங்கள். அப்படிக் கொடுத்த ஒரு வீட்டில், கல்யாணப் படங்களுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கிறது.